சார்ஜ் ஏறும்போது படகின் பேட்டரிப் பெட்டிக்குத் தானாகக் காற்று: ஃபேனை எதைப் பார்த்து ஓடவிடுவது?

கேள்வி இதுதான். 11 மீட்டர் பாய்மரப் படகு. உட்காரும் பலகைக்கு அடியில் மூடிய பெட்டி. அதற்குள் 225 ஏ.எச். (ஆம்பியர்-மணி) கொண்ட 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் நான்கு. இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, இரு வரிசையையும் இணையாகச் சேர்த்தால் 12 வோல்ட், 450 ஏ.எச். துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது 50 ஆம்பியர் சார்ஜர், கடலில் எஞ்சினின் ஆல்டர்னேட்டர், மேலே சோலார் பேனல். சார்ஜ் ஏறும்போது மட்டும் ஒரு ஃபேன் தானாக ஓட வேண்டும். சார்ஜருக்குப் போகும் 230 வோல்ட் லைனிலேயே ஃபேனையும் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. அப்படிக் கோத்த ஃபேன் கரையில் கட்டியிருக்கும்போது மட்டும் ஓடும். நடுக்கடலில் ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட்டில் நான்கு மணி நேரம் தள்ளினாலும், மதிய வெயிலில் சோலார் ஏற்றினாலும் சும்மா நிற்கும். யார் சார்ஜ் போட்டார்கள் என்று வாயுவுக்குத் தெரியாது. ஆகவே ஃபேன் பார்க்க வேண்டியது சார்ஜரை அல்ல, பேட்டரி முனையில் இருக்கும் வோல்ட்டேஜை. அதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு வாயு வருகிறது என்று பார்த்துவிடலாம். தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்ததும், உள்ளே போகும் கரண்டில் ஒரு பகுதி தண்ணீரைப் பிளக்கத் தொடங்குகிறது. அப்படி வீணாகும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல்லில் 0.42 லிட்டர் ஹைட்ரஜனும் அதில் பாதி ஆக்சிஜனும் வெளிவரும், 0.336 கிராம் தண்ணீர் குறையும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் கையில் ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. பேட்டரிகளுக்கு மாதம் மொத்தம் எவ்வளவு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறீர்கள்? 600 மி.லி. என்றால், அந்த மாதத்தில் சுமார் 750 லிட்டர் ஹைட்ரஜன் அந்தப் பெட்டியைக் கடந்து போயிருக்கிறது. தண்ணீர் குறைகிறது என்று எல்லோரும் கவலைப்படுவார்கள். குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று யோசிப்பவர்கள் குறைவு.

காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் பற்றும். 75 சதவீதம் வரை பற்றிக்கொண்டே இருக்கும். பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும். கையில் உணரவே முடியாத நிலைமின் பொறியில்கூட அதைவிட அதிகம் இருக்கும். பெட்டி 80 × 60 × 40 செ.மீ. என்று வையுங்கள்: பேட்டரிகள் அடைத்தது போக சுமார் 140 லிட்டர் காற்று. அதில் 4 சதவீதம் 5.6 லிட்டர். சார்ஜ் முடியப்போகும் கட்டத்தில் வழக்கமாக 9 ஆம்பியர் அளவு வாயுவாகப் போகிறது என்று எடுத்தால், ஆறு செல்லுக்கு (செல்லுக்கு 2 வோல்ட் வீதம் 12 வோல்ட் வரிசையில் ஆறு செல்) மணிக்கு 22 லிட்டருக்கு மேல். இறுக மூடிய பெட்டி கால் மணி நேரத்தில் அபாய அளவைத் தொடும். ஏதோ கோளாறில் 50 ஆம்பியரும் வாயுவாகவே மாறினால் மணிக்கு 126 லிட்டர். மூன்று நிமிடம்கூடத் தாங்காது. 1949 ஆகஸ்டில் நார்வேக்கு அப்பால் அமெரிக்க நீர்மூழ்கி கொச்சினோ மூழ்கியதும் பேட்டரி அறையில் நடந்த ஹைட்ரஜன் வெடிப்பால்தான். அத்தனை பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்த இடத்திலேயே அப்படி.

இனி காற்றின் அளவு. நிலையான பேட்டரிகளுக்கான ஐஈசி 62485-2 தரம் ஒரு எளிய கணக்கைத் தருகிறது. படகுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். மணிக்குத் தேவையான காற்று, கன மீட்டரில் = 0.05 × செல்களின் எண்ணிக்கை × வாயுவாகும் கரண்ட். அந்த 0.05-க்குள்ளேயே ஐந்து மடங்கு பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. வேகமாக ஏற்றும்போது ஒரு ஏ.எச்.-க்கு 20 மில்லி ஆம்பியர் என்று எடுக்கச் சொல்கிறது. 450 ஏ.எச்.-க்கு 9 ஆம்பியர், 0.05 × 6 × 9 = மணிக்கு 2.7 கன மீட்டர். முழு 50 ஆம்பியருக்கும் போட்டால் 15 கன மீட்டர். சோலாரும் ஆல்டர்னேட்டரும் ஒன்றாக ஏற்றும் நேரத்தையும் மனதில் வைத்து 25-ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பாருங்கள், இது சின்ன எண். மூன்று அங்குல எஞ்சின் அறை புளோயர் மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் தள்ளும், மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும், காது கிழியச் சத்தம் போடும். அது இங்கே வேண்டாம். 0.2 அல்லது 0.3 ஆம்பியர் இழுக்கும் 120 மி.மீ. பிரஷ் இல்லாத ஃபேன் போதும்.

ஃபேனைவிட முக்கியம் வழி. ஃபேன் செத்தாலும் வாயு தானாக ஏறிப் போக வேண்டும். அதே தரத்தின்படி ஃபேன் இல்லாமல் காற்று போய்வர, உள்வழி, வெளிவழி ஒவ்வொன்றும் 28 × 2.7, அதாவது 76 சதுர செ.மீ. இருக்க வேண்டும். 100 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 78. ஆகவே வெளிவழிக்கு 100 மி.மீ.; உள்வழிக்கு 120 மி.மீ. ஃபேனின் வாய். நின்றுபோன ஃபேனின் இலைகள் வழியை ஓரளவு மறைக்கும் என்பதால்தான் 80 மி.மீ. வேண்டாம் என்கிறேன்.

வெளிவழி மூடியின் மிக உயரமான புள்ளியில் தொடங்க வேண்டும். மூடிக்கு அடியில் பலப்படுத்த ஒட்டிய கட்டைகள் இருந்தால் அவற்றுக்கு இடையில் வாயு தேங்கும். கட்டைகளில் 20 மி.மீ. ஓட்டைகள் போட்டுவிடுங்கள். குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்கேயும் தொங்கக் கூடாது. தொங்கிய இடத்தில் மழைத் தண்ணீர் ஒரு கப் தேங்கினால் போதும், வழி மூடிவிடும். முனையை அன்னக் கழுத்து போல வளைத்து, கேபின் ஜன்னல், எஞ்சின் காற்று உறிஞ்சும் இடம் எல்லாவற்றுக்கும் விலக்கி வையுங்கள். உள்வழி எதிர்ப் பக்கத்தில், கீழே. ஆனால் பேட்டரிகளுக்கு அடியில் வைக்கும் ஆசிட் தட்டின் விளிம்புக்கு மேலே. பெட்ரோல் எஞ்சின் உள்ள படகு என்றால் உள்வழிக் காற்றை எஞ்சின் அறையிலிருந்து எடுக்கவே கூடாது.

ஃபேனை எந்தப் பக்கம் வைப்பது? பலரும் வெளிவழியில் வைத்து உறிஞ்சுகிறார்கள். உள்வழியில் வைத்துத் தள்ளுவதே சரி. உறிஞ்சும்போது அத்தனை வாயுவும் ஆசிட் ஆவியும் மோட்டார் வழியாகவே போகும். "பொறி பாதுகாப்பு உண்டு, ஐஎஸ்ஓ 8846 முத்திரை இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்வார். அந்த முத்திரை பெட்ரோல் ஆவி, சமையல் வாயு போன்றவற்றை மனதில் வைத்தது. ஹைட்ரஜன் அவற்றைவிடப் பல மடங்கு எளிதாகப் பற்றும் தனி வகை. தள்ளும்போது மோட்டாரைத் தொடுவது சுத்தமான காற்று மட்டும். இதில் ஒரு விலை உண்டு: பெட்டிக்குள் அழுத்தம் சற்று ஏறுவதால் மூடி இடுக்குகள் வழியாக வாயு கேபினுக்குள் கசியலாம். ஆகவே மூடியின் விளிம்பு முழுக்க நுரை ரப்பர் பட்டை, ஒயர்கள் நுழையும் இடங்களில் கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக மூடும் வளையம்). பெட்டியை அப்படி மூடவே முடியாது என்றால் மட்டும் உறிஞ்சும் முறைக்குப் போகலாம். அப்போதும் மோட்டார் காற்றுப் பாதைக்கு வெளியே இருக்கும் வகைதான் வேண்டும்.

இப்போது இயக்கும் பகுதி. இரண்டு எல்லை வைக்கக்கூடிய வோல்ட்டேஜ் ரிலே (வோல்ட்டேஜைப் பார்த்துத் தானாகச் சேர்ந்து விலகும் ஸ்விட்ச்) ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 13.5 வோல்ட் வந்தால் ஃபேன் ஓட வேண்டும், 13.0-க்குக் கீழே இறங்கி 30 நிமிடம் கழித்து நிற்க வேண்டும்.

ஏன் 13.5? ஓய்வில் இருக்கும் நிறைந்த பேட்டரி 12.7 வோல்ட்தான் காட்டும், 13.5 இருந்தால் யாரோ சார்ஜ் போடுகிறார்கள் என்று நிச்சயம். வாயு பொங்கத் தொடங்குவது 25 டிகிரியில் 14.1-க்கும் 14.4-க்கும் இடையில். அப்படியானால் 14-ல் வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். பேட்டரி சூடாகச் சூடாக அந்த எல்லை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03 வோல்ட் இறங்குகிறது. 40 டிகிரியில் 0.45 வோல்ட் கீழே. வெப்பத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் நல்ல சார்ஜர் 14.4-க்குப் பதில் 13.95-லேயே நிறுத்தும், 14-ல் வைத்த ஃபேன் அன்று முழுக்க ஓடாது. குளிர்நாட்டு மாலுமிகளின் எண்ணை அப்படியே எடுத்து வெப்பக் கடலில் வைத்தால் நடப்பது இதுதான். 13.5-ல் வைத்தால் சார்ஜர் நிறைந்தபின் தாங்கிப் பிடிக்கும் கட்டத்திலும் ஃபேன் ஓடும். ஓடட்டுமே. 0.2 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு 2 ஏ.எச்.; சின்ன சோலார் பேனல் அரை மணியில் தரும்.

கீழ் எல்லையை 12.8-க்கு இறக்காதீர்கள். சார்ஜ் நின்றபின் தட்டுகளின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். சுமை எதுவும் இல்லாவிட்டால் ஃபேன் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். 30 நிமிடத் தாமதம் இரண்டு வேலை செய்கிறது: சார்ஜ் நின்ற பிறகும் தட்டுகளில் ஒட்டியிருக்கும் குமிழிகள் வெளியேற நேரம் தருகிறது, நங்கூர விஞ்சை ஓட்டி வோல்ட்டேஜ் படுத்து எழும்போதும், மேகம் வந்து போகும்போதும் ரிலே டக் டக் என்று அடித்துக்கொள்ளாமல் காக்கிறது.

படகில் ஏற்கெனவே பிஎம்வி-712 போன்ற பேட்டரி மானிட்டர் இருந்தால் தனி ரிலே வாங்க வேண்டாம். அதற்குள் ஒரு ரிலே இருக்கிறது. 1 ஆம்பியர் வரை தாங்கும். அதிக வோல்ட்டேஜில் சேரவும், குறைந்ததும் தாமதித்து விலகவும் அமைப்பிலேயே வைக்கலாம். அவுட்பேக் இன்வெர்ட்டர்-சார்ஜர்களில் துணை முனைக்கு "வென்ட் ஃபேன்" என்ற பயன்முறையே உண்டு.

இப்போது அந்தக் குருட்டுப் புள்ளி. ஒரு வரிசையில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஆறு செல்லுக்கான வோல்ட்டேஜை ஐந்து செல் தாங்குகிறது. அவை கொதிக்கும், பக்கத்து நல்ல வரிசையும் அதற்குள் கரண்டைக் கொட்டும். வாயு அதிகபட்சமாக வரும் தருணம் அதுதான். ஆனால் இணைப்பின் மொத்த வோல்ட்டேஜ் கீழே இழுக்கப்பட்டு 13.2, 13.3 என்றே நிற்கலாம். வோல்ட்டேஜ் ரிலே "சார்ஜ் ஏறவில்லை" என்று முடிவுகட்டி ஃபேனை நிறுத்தி வைத்திருக்கும். ஃபேன் மிகவும் தேவைப்படும் நேரத்தில் இப்படி ஆகும்.

மருந்து: வெப்பநிலை ரிலே ஒன்றை வோல்ட்டேஜ் ரிலேவுக்கு இணையாகச் சேருங்கள். உணரியை நடு பேட்டரியின் பக்கச் சுவரில் ஒட்டி, 45 டிகிரியில் சேரவும் 40-ல் விலகவும் வையுங்கள். ரிலே பலகை பெட்டிக்கு வெளியே, உணரியின் ஒயர் மட்டும் உள்ளே. ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் வட்டத் தெர்மோஸ்டாட்டைப் பேட்டரி மேலேயே ஒட்டும் ஆசை வரும். அதன் தொடர்பு முனை பெட்டிக்குள்ளேயே பொறி விடும், வேண்டாம். மூன்றாவதாக, கை ஸ்விட்ச் ஒன்று. அதில் "தானாக", "எப்போதும்" என்ற இரண்டு நிலை மட்டும் இருக்கட்டும். "ஆஃப்" என்று ஒன்று இருந்தால், ஒருநாள் யாரோ தூங்கும்போது சத்தம் தாங்காமல் அதில் தள்ளிவிட்டு மறந்துபோவார்கள்.

ஹைட்ரஜன் உணரியை வைத்து ஃபேனை இயக்கலாமா? உணரி காலப்போக்கில் மந்தமாகும். ஆசிட் ஆவியும் உப்பும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். மூடியின் உச்சியில் வைத்து 1 சதவீதத்தில் அலறும் எச்சரிக்கையாக மட்டும் பயன்படுத்துங்கள். கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: அதன் உணரி ஹைட்ரஜனுக்கும் அலறும். எஞ்சினும் அடுப்பும் ஓடாத நேரத்தில், சார்ஜ் ஏறும்போது மட்டும் அது கத்தினால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், கரை மின்சாரத்தைக் கரையிலேயே துண்டியுங்கள். பிறகு பேட்டரியைச் சந்தேகப்படலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் அதே கதைதான். பேட்டரி அளவுக்கு மீறி வெந்துகொண்டிருக்கிறது.

ஒயரிங் எளிது, இடம்தான் முக்கியம். ஃப்யூஸ், ரிலே, ஸ்விட்ச் எதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஈயம் பூசிய 1 சதுர மி.மீ. ஒயரை உறைக்குள் விட்டு வெளியே கொண்டுவந்து, முடிந்த அளவு பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ். வோல்ட்டேஜைப் பார்க்கும் ஒயர் பேட்டரி முனையிலிருந்தே வர வேண்டும். ஸ்விட்ச் பலகையிலிருந்து எடுத்தால், ஃபிரிட்ஜ் ஓடும்போது 0.3 வோல்ட் குறைவாகக் காட்டும். ஆல்டர்னேட்டர் பக்கம் டயோடு பிரிப்பான் இருந்து அதற்கு முன்னால் எடுத்தால் 0.7 வோல்ட் கூடுதலாகக் காட்டும். தனி ரிலே சுருள் வைத்தால் அதன் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று. பெட்டிக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்: பேட்டரி துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச், இன்வெர்ட்டர், சார்ஜர். இருந்தால் ஃபேனுக்கு முன்னால் அவற்றை வெளியேற்றுங்கள்.

ஃபேன் வாங்கும்போது எல்லோரும் கோட்டைவிடுவது வோல்ட்டேஜ். கம்ப்யூட்டர் வகை 12 வோல்ட் ஃபேன்கள் பலவற்றுக்கு மேல் எல்லை 13.8. இந்த ஃபேன் ஓடுவதே 13.5-க்கு மேல்தான்! மாதக் கணக்கில் 14.4-ல் ஓடும், செல்களைச் சமன்படுத்தும் சார்ஜில் 15.5 முதல் 16.2 வரை போகும். லேபிளில் இயங்கு எல்லை 16.2 வோல்ட்டுக்கு மேல் எழுதியிருப்பதைத் தேடுங்கள். அல்லது 12 வோல்ட்டுக்கு இறக்கும் சின்ன கன்வெர்ட்டரை இடையில் வையுங்கள். 12 முதல் 28 வரை ஓடும் 24 வோல்ட் ஃபேன் கிடைத்தால் இன்னும் நல்லது, மெதுவாக, சத்தமில்லாமல் ஓடும். உப்புக் காற்றுக்கு ஐபி55 (தூசியையும் தண்ணீரையும் தடுக்கும் தர எண்) அல்லது அதற்கு மேல். மூன்று ஒயர் உள்ள வகை வாங்கினால், மூன்றாவது ஒயர் சுழற்சியைச் சொல்லும். "மின்சாரம் இருக்கிறது, சுழற்சி இல்லை" என்றால் பஸ்ஸர் அடிக்க வைக்கலாம். அதே சிக்னலால் சார்ஜரின் ரிமோட் முனையைத் துண்டித்து நிறுத்துவதும் நல்ல யோசனை. ஆல்டர்னேட்டரிடம் மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம். ஓடும்போது பேட்டரியிலிருந்து பிரித்தால் அதன் டயோடுகள் போய்விடும்.

மாட்டி முடித்ததும் சோதனை. பேட்டரிகளை வைப்பதற்கு முன்பு, காலிப் பெட்டியில் ஊதுபத்தி ஏற்றி மூடியைச் சாத்தி ஃபேனை ஓட்டுங்கள். மூடி விளிம்பில் எங்காவது புகை கசிந்தால் அங்கே ரப்பர் போதவில்லை. மூலையில் தேங்கி நின்றால் உள்வழியும் வெளிவழியும் எதிரெதிராக இல்லை. பேட்டரி வைத்த பிறகு நெருப்பு எதுவும் கூடாது. அப்போது ஒரு 50 லிட்டர் குப்பைப் பையைக் காற்றில்லாமல் நசுக்கி, வெளிவழி முனையில் வாயைத் தளர்வாகப் பிடித்து நேரம் பாருங்கள். ஏழு எட்டு வினாடியில் நிறைந்தால் மணிக்கு 22 கன மீட்டருக்கு மேல், இலக்குக்குப் பக்கத்தில். 12 வினாடி என்றால் சரியாக 15, விளிம்பில் நிற்கிறது. அதற்கு மேல் ஆனால் குழாயில் வளைவு அதிகம் அல்லது வலை அடைத்திருக்கிறது. அந்த வலை 3 மி.மீ. கண்ணுக்குக் குறையாமல் இருக்கட்டும். கொசு வலை போட்டால் தூசியும் உப்பும் சேர்ந்து ஒரே பருவத்தில் அப்பிவிடும். வெப்பப் பகுதிகளில் இன்னொரு எதிரி குளவி. கட்டிப்போட்ட படகின் குழாயில் சில நாளில் மண்கூடு கட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பையோடு வந்து நேரம் பாருங்கள், போதும்.

பெட்டியைத் திறக்க வேண்டுமானால் முதலில் சார்ஜர், பிறகு சோலார் இரண்டையும் நிறுத்தி, ஸ்விட்சை "எப்போதும்" நிலையில் வைத்து அரை மணி விடுங்கள். பிறகு நெகட்டிவ் கிளாம்ப் முதலில். சார்ஜ் முடிந்த கையோடு ஸ்பானரை வைத்துப் பொறி பறக்கவிடும் அந்த ஒரு நொடியில்தான் பேட்டரிகள் முகத்தில் வெடிக்கின்றன.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வரும் டூபுலர் பேட்டரிகளைப் படகில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மூன்று 150 ஏ.எச். இணைத்தால் அதே 450. ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்த, தண்ணீர் ஊற்றாத மூடிய வகை) என்றால் வாயுவின் பெரும்பகுதி உள்ளேயே திரும்பத் தண்ணீராகிறது, ஏ.எச்.-க்கு 8 மில்லி ஆம்பியர் கணக்கு, மணிக்கு 1.1 கன மீட்டர்; மேலேயும் கீழேயும் திறந்த வழி இருந்தால் ஃபேன் கட்டாயமில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சாதாரண சார்ஜில் ஹைட்ரஜன் விடாது. மாறியபின் ஃபேனைக் கழற்றலாம், எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பழைய லெட் ஆசிட் பேட்டரி அதே பெட்டியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.